ஆக்ஸஸும் பேஸும் சர்வரோடு இணையவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மதுரையில் நான் கணக்கு அமைத்துக் கொடுக்கும் கடைகளில் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான். உள் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், அதில் தகவலைச் சேமித்துக் கேட்டதும் எடுத்துத் தரும் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி ஓடும், இதைத்தான் சர்வர் என்கிறேன். கல்லாவில் இன்னொன்று, அதில் எம்எஸ் ஆக்ஸஸ் அல்லது லிப்ரே ஆபிஸ் பேஸ். பில் போடுவதும் பெயர் தேடுவதும் கல்லாவில் நடக்கும், ஆனால் தகவல் முழுக்க உள் அறையில்தான். மாட்டுத்தாவணி பூ கமிஷன் கடை என்றால் யார் எத்தனை கிலோ மல்லி கொண்டுவந்தார், எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார், பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அங்கே இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் தொடர்பு அறுந்தால் விடியும் முன்பே போன் வந்துவிடும். "தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னைக்குத் தொறந்தா என்னமோ பொட்டி வருது." உசிலம்பட்டியிலிருந்து பூ மூட்டையோடு வந்து நிற்பவருக்குச் சீட்டு கொடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் பலரும் முதலில் செய்வது, அந்தப் பெட்டியைப் படிக்காமல் மூடிவிட்டு டிரைவரை (கல்லா மென்பொருளைச் சர்வரோடு பேசவைக்கும் இடை மென்பொருள்) எடுத்துவிட்டு மறுபடி போடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மறுபடி போட்டால் பழைய அமைப்பும் அழிந்துபோகும், எது கெட்டது என்பதற்கான தடயமும் போய்விடும். பெட்டியை மூடும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். அதில் இருக்கும் எண்தான் பாதி வேலையை முடித்துத் தரும்.

கல்லாவிலிருந்து கிளம்பும் ஒரு கேள்வி முதலில் டிரைவரைத் தாண்ட வேண்டும். பிறகு நெட்வொர்க், அதன் பிறகு சர்வரின் அனுமதி. கடைசியில் பதில் சரியான எழுத்திலும் சரியான தேதியிலும் திரும்பி வர வேண்டும். எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால் அங்கே மட்டும் கை வைத்தால் போதும்.

எண்ணே புரியவில்லை என்றால்

ஹெய்டிஎஸ்கியூஎல் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் மரியாடிபி போட்டிருந்தால் அதனுடனேயே வந்திருக்கும். முதலில் உள் அறை கம்ப்யூட்டரிலேயே அதைத் திறந்து டேபிள் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது. அப்புறம் கல்லாவிலிருந்து அதே யூசர், அதே பாஸ்வேர்டோடு திறந்து பாருங்கள். அங்கேயும் திறந்தால் நெட்வொர்க்கும் அனுமதியும் சரி. இது ஓடிபிசி (ஆக்ஸஸ் சர்வரோடு பேச விண்டோஸில் இருக்கும் பொது வழி) வழியாகவோ ஜாவா வழியாகவோ போகாமல் நேரே பேசுவதால், மிச்சம் இருப்பது கல்லாவின் டிரைவரும் ஆக்ஸஸும்தான். உள் அறையில் திறந்து, கல்லாவில் திறக்கவில்லை என்றால் நடுவழியில் கோளாறு. எனக்கு இதைவிட நேரம் மிச்சம் பிடிக்கும் சோதனை தெரியாது.

"டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்" அல்லது "ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்"

முதலாவதற்கு ஐஎம்002, இரண்டாவதற்கு ஐஎம்014 என்று எண் வரும். இரண்டுமே கேள்வி கல்லா கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகவில்லை என்று சொல்கின்றன. சர்வரைத் தொடவே வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் 32 பிட், 64 பிட் குழப்பம். 64 பிட் விண்டோஸில் ஓடிபிசி அமைக்கும் கருவி இரண்டு இருக்கிறது. இரண்டு ஃபைலுக்கும் ஒரே பெயர், அந்தப் பெயரின் கடைசியில் 32 என்றும் இருக்கும். இதில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட் கருவி. சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பதுதான் 32 பிட் கருவி. ஃபோல்டர் பெயரைப் பார்த்து முடிவெடுத்தால் தலைகீழாகிவிடும். இப்போதைய விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று தட்டினாலே 32, 64 என்று தனித்தனியாகக் காட்டுகிறது. அங்கிருந்து திறப்பது நல்லது.

எதைத் திறப்பது? விண்டோஸ் எத்தனை பிட் என்பது இங்கே முக்கியமில்லை, ஆபிஸ் எத்தனை பிட் என்பதே கணக்கு. ஆக்ஸஸில் ஃபைல், அக்கவுண்ட், அபவுட் என்று போனால் மேல் வரியிலேயே எழுதியிருக்கும். ஆபிஸ் 2016 வரை தானாக அமர்வது 32 பிட். 2019 முதல் 64 பிட். அதனால்தான் "ஆபிஸ் மட்டும்தான் புதுசு போட்டோம், வேற எதையும் தொடலை" என்று சொல்லும் கடைகளில் இந்தக் கோளாறு வருகிறது. அவர்கள் சொல்வது உண்மை. ஆபிஸ் 64 பிட் ஆகிவிட்டது, டிரைவர் 32 பிட்டிலேயே நிற்கிறது. 64 பிட் டிரைவரைப் போட்டு, 64 பிட் கருவியில் அதே பெயரில் டிஎஸ்என் (சர்வரின் முகவரி முதலான இணைப்பு விவரங்களைச் சேமித்துவைக்கும் பெயர்) உருவாக்கினால் தீர்ந்தது.

பிட் பொருந்தியும் ஐஎம்002 வந்தால் இரண்டு இடம் பாருங்கள். டிஎஸ்என் 'யூசர்' வகையில் இருந்தால், அதை உருவாக்கிய விண்டோஸ் லாகினுக்கு மட்டுமே தெரியும். காலையில் முதலாளியும் மாலையில் கணக்குப்பிள்ளையும் வேறு வேறு லாகினில் உட்காரும் கடையில் மாலையில் மட்டும் எரர் வருவது இதனால்தான். 'சிஸ்டம்' வகையில் உருவாக்குங்கள். இன்னொன்று, டிஎஸ்என் இல்லாமல் டிரைவர் பெயரை நேரடியாக எழுதி இணைத்திருப்பது. மைஎஸ்கியூஎல் டிரைவரின் பெயருக்குள்ளேயே பதிப்பு எண் இருக்கிறது. டிரைவரைப் புதுப்பித்தால் பெயரே மாறும், பழைய பெயரைத் தேடும் ஆக்ஸஸுக்கு எதுவும் கிடைக்காது.

டிஎஸ்என் உருவாக்கப் போகும்போதே 126 என்ற எண்ணோடு எரர் வந்தால், அந்த டிரைவருக்குத் தேவையான விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லை என்று அர்த்தம். டிரைவர் எத்தனை பிட்டோ அதே பிட்டில் அதையும் போட வேண்டும்.

பேஸில் "ஜேடிபிசி டிரைவர் கிளாஸ் லோட் ஆகவில்லை"

பேஸ், ஜேடிபிசி (ஜாவா மூலம் சர்வரோடு பேசும் வழி) வழியாகப் போனால் ஜாவா வேண்டும். அந்த ஜாவாவும் லிப்ரே ஆபிஸும் ஒரே பிட்டாக இருக்க வேண்டும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் ஜாவா டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அங்கேயே கிளாஸ் பாத் பொத்தானில் கனெக்டரின் (சர்வருக்கான ஜாவா டிரைவர்) ஜார் ஃபைலைச் சேர்த்து, லிப்ரே ஆபிஸை முழுக்க மூடித் திறக்க வேண்டும். ஒரு ரைட்டர் ஜன்னல் பின்னால் திறந்திருந்தால்கூட மாற்றம் ஏறாது. டிரைவர் கிளாஸின் பெயரையும் சரிபாருங்கள். மைஎஸ்கியூஎல் கனெக்டர் 8 முதல் அந்தப் பெயரின் நடுவில் 'சிஜே' என்ற துண்டு சேர்ந்துவிட்டது.

இந்தியாவில் மட்டும் அடிக்கடி பார்க்கும் ஒரு எரர் இங்கே உண்டு. 'இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்' என்ற நேர மண்டலம் புரியவில்லை என்று கனெக்டர் 8-இன் ஆரம்பகாலப் பதிப்புகள் சொல்லும். விண்டோஸ் தன் பெயரில் சொல்கிறது, ஜாவா வேறு பெயரை எதிர்பார்க்கிறது. இணைப்பு முகவரியின் கடைசியில் சர்வர் டைம்சோன் என்ற அமைப்புக்கு ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

என் யோசனை, சின்னக் கடைக்கு இந்த ஜாவா வழியே வேண்டாம். இப்போதைய லிப்ரே ஆபிஸில் மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டுக்கும் 'டைரக்ட்' இணைப்பு உள்ளேயே இருக்கிறது. கெட்டுப்போக வாய்ப்புள்ள ஒரு பாகம் குறைகிறது. பேஸின் ரிப்போர்ட் அச்சிட மட்டும் ஜாவா தேவைப்படும்.

எண் 2003: சர்வரைத் தொடவே முடியவில்லை

2003 வந்தால் அதன் பக்கத்தில் அடைப்புக்குள் இன்னொரு எண் இருக்கும். அதையும் படியுங்கள். 10060 என்றால் தட்டியும் பதிலே வராத வீடு. 10061 என்றால் உள்ளிருந்து ஒருவர் 'இங்கே யாரும் இல்லை' என்று திருப்பி அனுப்புவது. கல்லா லினக்ஸாக இருந்தால் இவை 110, 111 என்று வரும்.

10061 நல்ல செய்தி. அந்த முகவரியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, வழி திறந்திருக்கிறது, 3306 என்ற போர்ட்டில் (சர்வர் கேட்கும் வாசல் எண்) மட்டும் யாரும் கேட்கவில்லை. பெரும்பாலும் கரண்ட் போய் வந்தபின் சர்வர் சர்வீஸ் எழுந்திருக்காது. உள் அறையில் விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து ஸ்டார்ட் கொடுங்கள், 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டார்ட் கொடுத்தும் உடனே நின்றுபோனால் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். அடுத்தது சர்வரின் எரர் லாக்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சர்வர் எழவில்லை என்றால் டேட்டா ஃபோல்டரில் 'ஐபிடேட்டா1' என்ற ஃபைலை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லும் யோசனைகள் சுற்றுகின்றன. சர்வர் எழுந்துவிடலாம், ஆனால் கணக்கு போய்விடும். அந்த ஃபோல்டரை அப்படியே இன்னொரு டிஸ்குக்குக் காப்பி எடுக்கும் வரை எதையும் அழிக்காதீர்கள். விவசாயிகளின் பாக்கி எழுதியிருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

உள் அறை கம்ப்யூட்டர் உபுண்டு அல்லது டெபியன் என்றால் 10061-க்கு (அல்லது 111-க்கு) இன்னொரு காரணம் உண்டு. அங்கே சர்வர் தானாக 127.0.0.1 என்ற முகவரியில் மட்டுமே கேட்கும், அதாவது தன்னோடு மட்டுமே பேசும். அமைப்பு ஃபைலில் பைண்ட் அட்ரஸ் என்ற வரியை அந்தக் கம்ப்யூட்டரின் உள்நெட்வொர்க் முகவரிக்கு மாற்றி, சர்வீஸை மறுபடி தொடங்குங்கள்.

10060 வந்தால் முதலில் முகவரியைச் சந்தேகப்படுங்கள். ரவுட்டர்தான் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168.1.5, 192.168.1.8 என்று எண் கொடுக்கிறது. கரண்ட் போய் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்போது நேற்று 5 ஆக இருந்தது இன்று 8 ஆகலாம். டிஎஸ்என் பாவம், இன்னும் 5-ஐத் தேடிக்கொண்டிருக்கும். டிஎஸ்என்னில் எண்ணை மாற்றினால் இன்றைக்கு ஓடும், அடுத்த கரண்ட் கட்டில் மறுபடி நிற்கும். ரவுட்டரில் எண் கொடுப்பதைக் கவனிக்கும் டிஹெச்சிபி பக்கத்தில் சர்வர் கம்ப்யூட்டருக்கு ஒரு எண்ணை ரிசர்வ் செய்துவிடுங்கள். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்று வரும் அழைப்புகளில் நான் முதலில் கேட்பதே "அண்ணே, ராத்திரி கரண்ட் போச்சா?" என்பதுதான்.

முகவரி சரி என்றால் அடுத்தது பையர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல். விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டால் உள்ளே வரும் இணைப்புகளைக் கூடுதலாகத் தடுக்கும். புது ரவுட்டர் மாட்டிய அன்று இது நடக்கும், ஏனென்றால் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க். அதைப் 'பிரைவேட்' ஆக்கி, 3306-க்கு மட்டும் உள்வரும் அனுமதி ஒன்று எழுதுங்கள். பையர்வாலை முழுக்க அணைப்பது தீர்வு அல்ல. அணைத்தால் இணைகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் அணைக்கலாம், உடனே போட்டுவிட வேண்டும்.

பிங் (அந்தக் கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று தட்டும் சோதனை) போகிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பிங் தடுக்கப்பட்டும் 3306 திறந்திருக்கலாம், பிங் போயும் 3306 மூடியிருக்கலாம். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு முகவரியும் போர்ட்டும் கொடுத்தால் அந்தப் போர்ட்டையே தட்டிப் பார்த்துச் சொல்லும்.

1045, 1130, 2059: சர்வர் பேசுகிறது, உள்ளே விடவில்லை

1130 என்றால் இந்த முகவரியிலிருந்து வரும் யாருக்கும் அனுமதி எழுதப்படவில்லை. 1045 என்றால் பெயர், பாஸ்வேர்ட், முகவரி மூன்றில் ஒன்று பொருந்தவில்லை. மைஎஸ்கியூஎல்லில் யூசர் என்பது பெயர் மட்டும் அல்ல, பெயரும் அவர் வரும் முகவரியும் சேர்ந்தது. 'கல்லா' என்ற பெயர் லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது அதே கம்ப்யூட்டருக்கு, மட்டும் உருவாக்கப்பட்டிருந்தால், உள் அறையில் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. 1045 எரரிலேயே சர்வர் உங்களை எந்த முகவரியாகப் பார்த்தது என்று @ குறிக்குப் பின்னால் எழுதியிருக்கும். அந்த முகவரிக்குத்தான் அனுமதி எழுத வேண்டும். கடைசியில் 'யூசிங் பாஸ்வேர்ட்: நோ' என்று இருந்தால் பாஸ்வேர்ட் போய்ச் சேரவே இல்லை. ஆக்ஸஸில் டேபிளை இணைக்கும்போது பாஸ்வேர்டைச் சேமிக்கும் டிக்கைப் போடாமல் விட்டிருப்பார்கள்.

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரை எல்லா முகவரிக்கும் திறந்துவிட்டால் எல்லா எரரும் போய்விடும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். 192.168.1.% என்ற வரம்புக்குள், அந்த ஒரே டேட்டாபேஸுக்கு மட்டும், படிக்க, சேர்க்க, திருத்த அனுமதியுள்ள யூசர் போதும்.

2059 டிரைவரின் வயதைச் சொல்கிறது. மைஎஸ்கியூஎல் 8.0 முதல் பாஸ்வேர்ட் சரிபார்க்கும் முறை மாறிவிட்டது, பழைய டிரைவருக்கு அது தெரியாது. சர்வரைப் பழைய முறைக்குத் திருப்பச் சொல்வார்கள். அந்தப் பழைய முறை 8.4-இல் தானாகவே அணைந்திருக்கும், 9.0-இல் எடுத்தே விட்டார்கள். டிரைவரைப் புதுப்பிப்பதுதான் நிற்கும் வழி.

தமிழ்ப் பெயர்கள் ???? என்றோ குப்பையாகவோ வருகின்றன

இணைப்பு கிடைத்துவிட்டது, டேபிள் திறக்கிறது, ஆனால் விவசாயி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வரிசை. இந்த நிலையில் அந்தத் திரையில் எதையும் திருத்திச் சேமிக்காதீர்கள். சேமித்தால் அந்தக் கேள்விக்குறிகளே சர்வரில் பெயராகப் பதிந்துவிடலாம், பிறகு மீட்க முடியாது.

தகவல் உள்ளே நலமாக இருக்கிறதா, கெட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. ஊர் என்ற இடத்தில் 'மதுரை' என்று இருக்க வேண்டிய ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெய்டிஎஸ்கியூஎல்லில் அந்த வரிக்கு லெங்த், கேரக்டர் லெங்த் இரண்டையும் கேளுங்கள். லெங்த் பைட்டை எண்ணும், கேரக்டர் லெங்த் எழுத்தை எண்ணும். யுனிகோடில் மதுரை என்பது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என 5 எழுத்து. யுடிஎஃப்8 முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15.

15, 5 என்று வந்தால் தகவல் முழுசாக இருக்கிறது. கோளாறு வரும் வழியில். ஓடிபிசி பட்டியலில் மைஎஸ்கியூஎல் டிரைவர் 'ஆன்சி', 'யுனிகோட்' என்று இரண்டாக இருக்கும். ஆன்சியில் டிஎஸ்என் உருவாக்கியிருந்தால் தமிழ் கேள்விக்குறியாகத்தான் வரும். யுனிகோட் டிரைவரில் மறுபடி உருவாக்குங்கள். பேஸ் என்றால் டேட்டாபேஸ் ப்ராப்பர்ட்டீஸில் கேரக்டர் செட்டை யுடிஎஃப்8 ஆக்குங்கள்.

15, 15 என்று வந்தால் பைட்கள் சரிதான், டேபிளின் அந்த நெடுவரிசை லேட்டின்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த நெடுவரிசையை முதலில் பைனரி (எழுத்தாகப் பார்க்காமல் வெறும் பைட்டாக வைப்பது) வகைக்கு மாற்றி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழுமையான யுடிஎஃப்8) எழுத்து வகைக்கு மாற்ற வேண்டும். நடுவில் பைனரிப் படியைத் தாண்டி நேராக மாற்றினால் அடுத்து சொல்லும் நிலைக்குப் போய்விடும்.

30, 15 என்று வந்தால் இரண்டு தடவை மாற்றப்பட்டிருக்கிறது. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்து இருக்கும் வணிகக் குறியும் மாறி மாறித் தெரியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது மீட்கக்கூடியது. லேட்டின்1 ஆக மாற்றி, அதைப் பைனரியாக எடுத்து, அந்தப் பைனரியை யுடிஎஃப்8எம்பி4 ஆகப் படிக்கச் சொன்னால் தமிழ் திரும்பிவிடும். முழு பேக்கப் எடுத்து, டேபிளின் நகலில் செய்து பார்த்து, அதன் பிறகே அசலைத் தொடுங்கள்.

5, 5 என்று வந்தால் உள்ளே இருப்பது உண்மையான கேள்விக்குறிகள். பழைய பேக்கப்பைத் தேட வேண்டியதுதான். இது பெரும்பாலும் எக்செலிலிருந்து வருகிறது. எக்செலில் சாதாரண சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) என்று சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது, அதில்தான் சேமிக்க வேண்டும்.

ஆக்ஸஸில் நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு ஆறுதல். விபிஏ (ஆக்ஸஸுக்குள் நிரல் எழுதும் மொழி) ஜன்னலில் தமிழ் எப்போதுமே கேள்விக்குறியாகத்தான் தெரியும், அந்த ஜன்னலுக்கு யுனிகோட் காட்டத் தெரியாது. ஃபார்மில் சரியாகத் தெரிந்தால் தகவலும் சரி. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வெறும் ஃபாண்ட் பிரச்சினை. நிர்மலா யுஐ அல்லது லதா போட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒரு வகை இருக்கிறது. பெயர்கள் ஆங்கில எழுத்துகளாக, அர்த்தமில்லாமல் வரும், ஆனால் பழைய ஃபார்மில் திறந்தால் அழகான தமிழாகத் தெரியும். அந்தத் தகவல் பாமினி, வானவில் போன்ற பழைய ஃபாண்டுகளில் அடித்தது. டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான், எந்த டிரைவரை மாற்றினாலும் தமிழாகாது. தமிழக அரசு 2010-இல் யுனிகோடை ஏற்ற பிறகும் அச்சகங்களோடு வேலை செய்யும் கடைகளில் இந்தத் தகவல் நிறையவே மிச்சம் இருக்கிறது. எந்த ஃபாண்ட் என்று கண்டுபிடித்து, அதற்குரிய மாற்றியில் ஒரே தடவை யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பட்டியலை அந்த ஆட்களைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினால் ஒருவரின் பாக்கி இன்னொருவர் தலையில் ஏறிவிடும்.

பெயர் கண்ணுக்கு ஒன்றாக இருந்தும் தேடினால் கிடைக்காமல் போவதும் உண்டு. 'பொ' என்பதன் துணைக்குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, உள்ளே எழுத்து எண்ணிக்கை வேறு. டேபிள்களைப் பெயரால் இணைக்காமல் ஒரு எண்ணால் இணைத்தால் இந்தத் தலைவலி வராது.

மாதத்தின் முதல் 12 நாள் கணக்கு மட்டும் தப்பாக வருகிறது

இந்த அறிகுறி தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். ஆக்ஸஸ் தன் கேள்விகளுக்குள் # குறிகளுக்கு நடுவே எழுதும் தேதியை அமெரிக்க முறையில், மாதம் முதலில் என்று படிக்கும். விண்டோஸை இந்திய முறைக்கு வைத்திருந்தாலும் அப்படித்தான். ஏப்ரல் 5 என்று நினைத்து 05/04 எழுதினால் மே 4-ஐத் தேடும். ஆனால் சித்திரை முதல் நாளான 14/04 என்றால் 14-ஆவது மாதம் கிடையாது என்பதால் அது தானாகத் திருப்பிச் சரியாகப் படித்துக்கொள்ளும். பாதி சரி, பாதி தப்பு என்பதால் பல மாதம் கண்ணில் படாமல் கிடக்கும். ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதினால் குழப்பமே வராது. சிஎஸ்வி இறக்கும்போதும் அட்வான்ஸ்டு பக்கத்தில் தேதி வரிசையை நீங்களே சொல்லிவிடுங்கள்.

தெரிகிறது, திருத்த முடியவில்லை. அல்லது வரி முழுக்க #டெலீட்டட்

திருத்த விடவில்லை என்றால் அந்த டேபிளுக்குப் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் மதிப்பு) இல்லை. எந்த வரியைத் திருத்துவது என்று பேஸுக்கோ ஆக்ஸஸுக்கோ தெரியாததால் படிக்க மட்டும் விடுகின்றன. சர்வரில் கீ போட்டபின் ஆக்ஸஸில் அந்த இணைப்பை எடுத்துவிட்டு மறுபடி இணைக்க வேண்டும். பழைய இணைப்புக்குப் புதுக் கீ தெரியாது.

#டெலீட்டட் என்று வந்தால் யாரும் எதையும் அழிக்கவில்லை, பயப்பட வேண்டாம். ஆக்ஸஸ் கீயை வாங்கிக்கொண்டு அதே கீயால் மறுபடி கேட்கும்போது பொருந்தவில்லை, அவ்வளவுதான். கீ பிக்இன்ட் (மிகப் பெரிய முழு எண்களுக்கான) வகையாக இருப்பது பொதுவான காரணம். சாதாரண இன்ட் போதுமென்றால் மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் டிஎஸ்என்னின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் பிக்இன்ட்டை இன்ட் ஆக எடுத்துக்கொள்ளும் டிக் இருக்கிறது. அங்கேயே 'மேட்ச்டு ரோஸ்' பற்றிய டிக்கையும் போடுங்கள்.

எக்செலோ சிஎஸ்வியோ மூலமாக இருந்தால்

சுங்குடிச் சேலைக் கடை ஒன்றில் விலைப் பட்டியல் எக்செலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசைன் எண் 101, 102 என்று போய், பின்னால் 118ஏ, 118பி என்று வரும். ஆக்ஸஸில் இணைத்தால் அந்த ஏ, பி வரிகள் காலியாகவோ எரராகவோ தெரியும். எக்செல் டிரைவர் முதல் 8 வரியை மட்டும் பார்த்து, இது எண் நெடுவரிசை என்று முடிவு கட்டிவிடுகிறது. எக்செலில் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கி, எண்களை மறுபடி அடித்துச் சேமியுங்கள். ஃபார்மேட்டை மட்டும் மாற்றினால் ஏற்கெனவே இருக்கும் எண்கள் எண்ணாகவே இருக்கும். போன் எண், ஆதார், பூஜ்யத்தில் தொடங்கும் எந்தக் குறியீடும் டெக்ஸ்ட்தான். அவற்றை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை.

பேஸில் எக்செல், சிஎஸ்வி எதை இணைத்தாலும் படிக்க மட்டுமே முடியும். அது கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி. ஃபைல் கிடைக்கவில்லை என்று ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வந்தால், இசட் டிரைவ் என்று எழுத்தால் இணைத்திருப்பீர்கள். அந்த எழுத்து அங்கே வேறாக இருக்கும். லிங்க்டு டேபிள் மேனேஜரில், இரண்டு பின்சாய்வுக் கோட்டோடு தொடங்கும் நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள்.

இணைகிறது, ஆனால் நகர மறுக்கிறது

ஆக்ஸஸுக்கே உரிய ஃபங்ஷன்களையோ நீங்கள் எழுதிய விபிஏ ஃபங்ஷன்களையோ வடிகட்டும் நிபந்தனைக்குள் வைத்தால், சர்வருக்கு அது புரியாது. அதனால் ஆக்ஸஸ் டேபிள் முழுவதையும் வாங்கிக்கொண்டு தன்னிடம் வைத்து வடிகட்டும். சில நூறு வரி இருக்கும்போது தெரியாது, மூன்று வருஷக் கணக்கு சேர்ந்தபின் தெரியும். அந்த மாதிரிக் கேள்விகளைப் பாஸ்-த்ரூ வகையாக மாற்றி, சர்வரின் மொழியிலேயே எழுதுங்கள். பாஸ்-த்ரூவில் வருவதைத் திருத்த முடியாது என்பதால் அதை ரிப்போர்ட்டுக்கு மட்டும் வையுங்கள். கல்லாவில் பில் போடும் ஃபார்ம், இன்றைய தேதி வரிகளை மட்டும் கேட்கும்படி இருக்கட்டும். அந்தத் தேதி நெடுவரிசைக்குச் சர்வரில் ஒரு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் குறிப்புப் பட்டியல்) போட்டுவிடுங்கள்.